ஒன்று புள்ளி ஒன்று

புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மத்தியான வெயிலில், ஆதனக்கோட்டையில் முந்திரிக் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் கந்தர்வக்கோட்டைப் பஸ் வந்து நின்றது. கண்ணாத்தாள் இறங்கினாள். பின்னாலேயே அவளுடைய மருமகள் கையில் ஒரு தூக்குவாளியோடு இறங்கினாள்.

மூன்றாவது கடையில் சுகுணா முந்திரிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். இரும்புச் சட்டியில் கொட்டை தீப்பிடித்து எரியும்போது நிமிர்ந்து பார்க்க முடியாது. தோலிலிருந்து கசியும் எண்ணெய் தெறித்தால் கை பொத்துப்போகும். சட்டியைக் கவிழ்த்து, மண் போட்டுத் தீயை அணைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற தன் தாயைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷம் கழித்துப் பார்த்தாள்.

அவளுடைய சொந்த ஊர் கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில்தான். பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்த வீட்டில் இரண்டு மகன்களில் இளையவனாகப் பிறந்து, இருபத்திரண்டு வயதில் தான் பெண் என்று வாய்விட்டுச் சொன்ன நாளிலிருந்து அந்த அரை மணி நேரத்தை அவள் கடந்ததில்லை. அண்ணன் சிவபிரகாஷ் அவளைச் சலூனுக்கு இழுத்துப்போய் மொட்டை அடித்துக் கொண்டுவந்தான். கண்ணாத்தாள் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் சுகுணா கிளம்பிவிட்டாள். திருச்சி, மதுரை என்று திருநங்கைகளோடு சில வருஷம் இருந்துவிட்டு, கடைசியில் ஆதனக்கோட்டைக்கு வந்து, மீனம்மாள் என்கிற முந்திரி வியாபாரியிடம் கூலிக்கு உடைக்க ஆரம்பித்து, பிறகு பக்கத்திலேயே தனிக்கடை போட்டாள். சுகுணா என்ற பெயர் அவளாக வைத்துக்கொண்டது. அதற்கு முன்னால் இருந்த பெயரை அவள் யாரிடமும் சொல்வதில்லை. நமக்கும் அது வேண்டாம்.

கண்ணாத்தாள் ரோட்டைத் தாண்டி வந்தாள். சுகுணாவின் புடவையை, கொண்டையை, கரிபடிந்த வளையல் கையைப் பார்த்தாள்.

"சுகுணா" என்றாள். "நல்லா இருக்கியா தாயி?"

அவ்வளவுதான். அம்மா அந்தப் பெயரைச் சொல்லுவாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டாள், முந்தானையால் துடைத்தாள், டீ வாங்க ஓடினாள், பாதி வழியில் திரும்பி வந்து "சீனி போடலாமா ஆத்தா, ஒனக்கு சுகர் இருக்கா?" என்று கேட்டாள். தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பும் சோறும் இருந்தன. மூன்று பேரும் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பக்கத்துக் கடையிலிருந்து மீனம்மாள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் சுகுணா.

"இருக்கான்" என்றாள் கண்ணாத்தாள். "ஒடம்புதான் சொகமில்ல. நீ தீவாளிக்கு வா. நேர்ல பாத்துக்க."

தீபாவளிக்குப் போனாள். பச்சை நிறத்தில் ஒரு புடவை எடுத்து வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த சிவபிரகாஷ், கட்டிலில் ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தான். முகம் ஊதியிருந்தது, கை கால் சூம்பியிருந்தது. இடது முழங்கையில் ரத்தக்குழாய் கயிறு போல புடைத்துக் கிடந்தது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதென்று அண்ணி சொன்னாள். புதுக்கோட்டையில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

"அன்னைக்கி நான் பண்ணுனது தப்புதான்" என்றான் சிவபிரகாஷ், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அப்ப புத்தி இல்ல."

சுகுணா அழுதுவிட்டாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அண்ணியின் ரத்தம் வேறு பிரிவு, ஆத்தாவுக்குச் சர்க்கரை, வேறு உறவு யாரும் முன்வரவில்லை என்பதையெல்லாம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவளையே பார்த்தார்கள். வாயைத் திறந்தது சுகுணாதான்.

"என்னோடது சேருமான்னு பாக்கச் சொல்லுங்க. நான் குடுக்குறேன்."

கண்ணாத்தாள் எழுந்து வந்து அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

கார்த்திகையில் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பரிசோதனைகள் ஆரம்பமாயின. ரத்தப் பிரிவு பொருந்தியது. திசுவும் பாதிக்குப் பொருந்தியது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க எடுத்த கிரியாட்டினின் பூஜ்யம் புள்ளி எட்டு ஐந்து என்று நல்லபடியாக வந்தது. சிறுநீரக மருத்துவர் அறிவுச்செல்வன், ஐம்பது வயது தாண்டியவர், காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"நீங்க நாலு வருஷமா ஹார்மோன் மாத்திரை சாப்பிடுறீங்க, இல்லையாம்மா? ஆபரேஷன் நேரத்துல அது ரத்தத்த உறைய வைக்கும். தேதி முடிவானதும் ஒரு மாசம் முன்னாடி நிறுத்தணும்."

அந்த மாத்திரைகளை அவள் மதுரை பெரியாஸ்பத்திரியில் மாதாமாதம் போய் வாங்கி வந்தாள். அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் துணியவில்லை. அதனால் மாத்திரைதான் அவளுக்கு எல்லாம். அது வந்த பிறகுதான் கண்ணாடியில் பார்க்கும் முகத்தோடு அவளுக்குச் சண்டை ஓய்ந்தது. இருந்தாலும், தையில் ஆபரேஷன் என்று தேதி சொன்னதும், ஒரு மாதம்தானே என்று மார்கழி முதல் தேதி நிறுத்தினாள்.

ஒரு மாதம் நான்கு மாதமாக நீண்டது. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர்; இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கக் காகிதம் மேல் காகிதம் சேர்க்க வேண்டியிருந்தது. தேதி தள்ளித் தள்ளிப் போயிற்று. "மறுபடி ஆரம்பிச்சுக்கட்டுமா ஆத்தா?" என்று ஒருமுறை போனில் கேட்டாள்.

"இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. இப்பப் போயி ஆரம்பிச்சு மறுபடி நிறுத்தணுமா? அப்படியே இரு தாயி, அண்ணனுக்காக" என்றாள் கண்ணாத்தாள்.

இருந்தாள். தாடையில் மறைந்திருந்த முடி மறுபடி கருக்க ஆரம்பித்தது. விடிந்ததும் முதல் வேலையாகச் சவரம் செய்து, பவுடர் போட்டுக்கொண்டுதான் கடைக்கு வருவாள். தோள் திரண்டது. ரவிக்கை கை இறுகியது. வழக்கமாக வாங்கும் கார்க்காரர்கள் சிலர் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். பழையபடி காரணமில்லாமல் எரிச்சல் வந்தது.

"ஏண்டி இப்படி ஒன்னைய நீயே பாழாக்கிக்கிற?" என்றாள் மீனம்மாள்.

"எங்காத்தா வாரா வாரம் தலைக்கு எண்ண வச்சு விடுதுக்கா. ஒனக்குச் சொன்னா புரியாது."

அது உண்மைதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் ஊருக்குப் போனாள். கண்ணாத்தாள் அவளை வாசலில் உட்கார வைத்து, எல்லோரும் பார்க்க, எண்ணெய் தேய்த்துவிட்டாள். சோறு போட்டாள். கறி எடுத்த நாளில் ஈரலைத் தனியாக எடுத்து அவள் தட்டில் வைத்தாள். சுகுணாவுக்கு வேறென்ன வேண்டும்?

பங்குனியில் ஒருவழியாக எல்லாக் காகிதமும் சேர்ந்தன. கடைசியாக ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து அனுப்பச் சொன்னார்கள். திருச்சி வரைக்கும் போக வேண்டாம், புதுக்கோட்டையிலேயே எடுத்து அனுப்பலாம் என்றார்கள். முந்தின நாள் ஞாயிறு. ஆட்டுக்கறிக் குழம்பு. கண்ணாத்தாள் அவளை விடவில்லை. "ஒடம்புல தெம்பு வேணும், தின்னு" என்று மூன்று முறை போட்டாள். திங்கட்கிழமை, கொடுக்க வேண்டிய ஆர்டர் ஒன்றுக்காக இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்று வறுத்துவிட்டு, சரியாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல், புதுக்கோட்டையில் ஒரு ஆய்வகத்துக்குப் போனாள்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நிமிர்ந்து புடவையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பெண் என்கிற கட்டத்தில் குறி போட்டாள். சுகுணாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். முகம் முரடாகிப்போன அந்த நாட்களில், கேட்காமலே அப்படி ஒருத்தி எழுதியது அவளுக்குப் பெரிய விஷயம். போன் நம்பர் கேட்டபோது அண்ணனுடைய நம்பரைக் கொடுத்தாள். ஆஸ்பத்திரி சம்பந்தமான எல்லாம் அந்த நம்பருக்குத்தான் போகும்.

அடுத்த நாள் யாரும் அழைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தினமும் சாயங்காலம் "சாப்டியா தாயி" என்று வரும் போன் நின்றுபோயிற்று. அவள் கூப்பிட்டபோது அண்ணி எடுத்து "அவுங்க தூங்குறாக" என்று வைத்துவிட்டாள். மூன்றாவது நாள் கண்ணாத்தாளே எடுத்தாள்.

"ரிப்போர்ட் வந்துருச்சா ஆத்தா?"

"வந்துருச்சு. ஒன் கிட்னி கெட்டுப்போச்சாம்ல. சிவப்பு எழுத்துல வந்துருக்கு. ஒன்னு புள்ளி ஒன்னாம். அறுவத்தெட்டு பர்சன்ட்டுதான் வேல செய்யுதாம். கண்ட மாத்திரையத் தின்னு, எம்மகனுக்கு ஆகாமப் பண்ணிப்புட்டியேடா."

பிறகு பழைய பெயரைச் சொன்னாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய பெயரை, இடையில் ஒன்றுமே நடக்காத மாதிரி, சர்வசாதாரணமாகச் சொன்னாள். பின்னாலிருந்து சிவபிரகாஷின் குரல் கேட்டது: "வைய்யி ஆத்தா. அதுக்கிட்ட என்ன பேச்சு. ஆறு மாசம் வீணாப் போச்சு."

போன் கட்டாகிவிட்டது.

சுகுணா கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். முதலில் அவளுக்குப் பயம்தான் வந்தது. கிட்னி கெட்டுவிட்டது என்றால் அண்ணன் மாதிரி தானும் அந்தக் கட்டிலில் கிடக்க வேண்டியதுதானா? நாலு வருஷமாகச் சாப்பிட்ட மாத்திரை தன்னை உள்ளே தின்றுவிட்டதா? கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றது உறைத்தது. அந்த மூன்று நாளில் போனில் மூன்று பேருடைய குரலைக் கேட்டிருந்தாள். "ஒனக்கு என்ன ஆகுமோ" என்று ஒரு குரல்கூடக் கேட்கவில்லை. "டாக்டரப் போய்ப் பாரு" என்று சொல்லவில்லை. அவளுடைய கிட்னி கெட்டது அவர்களுக்கு அண்ணனுடைய நஷ்டமாகத்தான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போகவில்லை. போகாததை யாரும் விசாரிக்கவில்லை.

மீனம்மாள்தான் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறினாள். "கெட்டதோ நல்லதோ, டாக்டரு வாயால கேட்டுட்டு வருவோம். காயிதத்துல வந்தத நம்பி உக்காந்து அழுதா ஆச்சா?"

வழியில் புதுக்கோட்டை ஆய்வகத்தில் இறங்கி வாங்கிவந்த ரிப்போர்ட்டை அறிவுச்செல்வன் பார்த்தார். பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இத எங்களுக்கு அனுப்பவே இல்லையேம்மா. ஒங்க அண்ணன் வேற ஒரு ஆள் கிடைப்பாங்களான்னு போன்ல கேட்டாரு, அவ்வளவுதான்" என்றார். "மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க?"

"மார்கழி ஒன்னாந்தேதி சார்."

"நாலு மாசமா? நான் ஒரு மாசம்னுதானே சொன்னேன்!" அவர் நாற்காலியில் சாய்ந்தார். "முந்தின நாள் கறி சாப்பிட்டீங்களா?"

"மூணு தடவ போட்டாக சார்."

"காலையில தண்ணி?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் பேனாவை எடுத்து, ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதாமல், கையை ஆட்டி ஆட்டிப் பேசத் தொடங்கினார்.

"கிரியாட்டினின்ங்கிறது கிட்னியில உண்டாகுறது இல்லம்மா. அது சதையோட கழிவு. நம்ம சதை தினமும் கொஞ்சம் கழிச்சுவிடும், கிட்னி அத வடிகட்டி வெளியேத்தும். ரத்தத்துல அது கூடுதலா இருந்தா கிட்னி சரியா வடிகட்டலைன்னு நெனைப்போம். ஆனா சதை கூடிட்டாலும் அது கூடும். நீங்க மாத்திரை சாப்பிட்ட நாலு வருஷத்துல ஒங்க சதை கொறஞ்சிருந்துச்சு, அதனால இதுவும் கொறஞ்சிருந்துச்சு. மாத்திரைய நிறுத்துனதும் ஆம்பள ஹார்மோன் திரும்ப வந்து சதையும் ஏறியிருக்கு. ஒங்க தோளப் பாத்தாலே தெரியுதே. அதுக்கு மேல கறி, அடுப்புச் சூடு, தண்ணி இல்லாதது எல்லாம் சேர்ந்து கொஞ்சம் ஏத்தி விட்டிருக்கு."

"அப்ப அறுவத்தெட்டுங்கிறது?" என்று கேட்டாள் மீனம்மாள்.

"அது கணக்கு. இந்த நம்பரையும் வயசையும் பெண்ணா ஆணான்னும் போட்டா கம்ப்யூட்டர் ஒரு கணக்குச் சொல்லும். பொதுவா ஆம்பளைக்குச் சதை கூடன்னு வச்சுக் கணக்குப் போடுவாங்க. இவங்கள பெண்ணுன்னு போட்டிருக்காங்க, அறுபத்தெட்டு வந்துருக்கு. ஆணுன்னு போட்டா தொண்ணூறு வரும். அதே ரத்தம்தான்."

சுகுணா ரிப்போர்ட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "இதுல எனக்கு எந்தக் கணக்கு சார்?"

அறிவுச்செல்வன் பேனாவை மூடி வைத்தார். "ரெண்டுமே ஒங்கள நெனச்சுப் போட்ட கணக்கு இல்லம்மா" என்றார். "அதனால கணக்க விட்டுட்டு நேரா அளந்து பாத்துருவோம். சதையோட சம்பந்தப்படாத வேற ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு, சிஸ்டாடின் சி. அதுவும் ஹார்மோனுக்குக் கொஞ்சம் அசையும். அத மட்டும் நம்ப மாட்டேன். கிட்னி நிமிஷத்துக்கு எவ்வளவு வடிகட்டுதுன்னு ஸ்கேன்லயே பாத்துருவோம்."

இரண்டு நாள் மீனம்மாளின் சொந்தக்காரர் வீட்டில் தங்கி இரண்டையும் எடுத்தார்கள். ஸ்கேனில் தொண்ணூற்றெட்டு வந்தது. இரண்டு சிறுநீரகமும் சமமாக வேலை செய்தன. ஒரு பழுதும் இல்லை.

மீனம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். சுகுணாவுக்கும் பயம் விலகியது. அந்த நிம்மதியோடு, தானம் கொடுப்பவர்களின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஏஞ்சல் என்கிற நர்ஸிடம் ஒரு கையெழுத்துப் போடப் போனாள். ஏஞ்சல் கோப்பைப் புரட்டி, ஒரு படிவத்தைக் காட்டினாள்.

"இதுல இருக்கிற பேரு ஒங்க பழைய பேருதானேக்கா? இதையும் மாத்தி எழுதிடுவோம். இது மொதல் தடவ ஒங்க அம்மா வந்தப்ப எழுதுனது."

சுகுணா பார்த்தாள். நோயாளி: சிவபிரகாஷ். கொடுக்க விருப்பமுள்ள உறவினர்: அவளுடைய பழைய பெயர். உறவு: தம்பி. ரத்தப் பிரிவு: ஓ பாசிட்டிவ். கீழே தேதி இருந்தது. ஆடி மாதத்துத் தேதி.

"இது எங்காத்தா என்கிட்ட வர்றதுக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னாடி" என்றாள்.

ஏஞ்சலுக்குப் புரியவில்லை. "ஆமாக்கா, அப்பவே சொன்னாங்களே. 'எம்மவன் ஒருத்தன் ரோட்டோரம் கடை போட்டுருக்கான், டயாலிசிஸுக்குப் போகையில பஸ்ஸுலருந்து பாப்போம், நான் போய்க் கூப்புட்டா வந்துருவான், கட்டாயம் குடுப்பான்'னு. ஒங்க மேல அவ்வளவு நம்பிக்கை அவங்களுக்கு."

டயாலிசிஸுக்கு அவர்கள் வாரத்தில் மூன்று நாள், போக வர, அவளுடைய கடை வழியாகத்தான் போயிருக்கிறார்கள். ஜன்னலிலிருந்து அவளையும் கடைப் பலகையில் இருந்த அவள் பெயரையும் பார்த்திருக்கிறார்கள். இறங்கவில்லை. பழைய பள்ளிக்கூட அட்டையில் ரத்தப் பிரிவு பார்த்து, படிவம் எழுதி, எல்லாம் முடிவு செய்த பிறகுதான் தூக்குவாளியோடு இறங்கியிருக்கிறார்கள். அவள் நெஞ்சில் ஆறு மாதமாக இருந்தது எல்லாம் ஒவ்வொன்றாக வேறு மாதிரி ஆயிற்று. பச்சைப் புடவை. மடியில் சாய்த்துக்கொண்டது. எல்லோரும் பார்க்கத் தேய்த்த எண்ணெய். ஈரல்.

அறிவுச்செல்வன் அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். கொடுப்பவர் எல்லோரிடமும் அப்படிப் பேசுவது வழக்கம்.

"ஒங்க கிட்னி கொடுக்கிற நிலைமையில இருக்கு. ஆனா ஒங்க மனசு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும். வேண்டாம்னு தோணுச்சுன்னா என்கிட்ட சொன்னாப் போதும். 'பொருந்தல'ன்னு மட்டும் வீட்டுக்குச் சொல்லிருவேன். காரணம் யாருக்கும் தெரியாது."

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள் சுகுணா.

யோசிக்க அவர்கள் விடவில்லை. அவள் கேட்டுக்கொள்ளாமலே ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ சிவபிரகாஷுக்குச் செய்தி சொல்லிவிட்டார்கள். அடுத்த நாளே கண்ணாத்தாளும் அண்ணியும் கடைக்கு வந்தார்கள். பையில் பழம், பூ, பலகாரம்.

"சுகுணா!" என்று தூரத்திலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தாள் கண்ணாத்தாள். "மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா தாயி. ஒன் கிட்னிக்கு ஒரு கொறையும் இல்லையாமே! அந்த லேப்பு நாசமாப் போக. நான் அன்னைக்கி ஏதோ கோவத்துல வாய் தவறி..."

சுகுணா சட்டியை இறக்கி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆத்தா, ஒன்னு கேக்குறேன். அன்னைக்கி ரிப்போர்ட்டப் பாத்தப்ப, இவளுக்கு என்ன ஆகுமோன்னு ஒனக்குத் தோணவே இல்லையா?"

"தோணாம இருக்குமா?"

"அப்பறம் ஏன் போன் பண்ணல?"

கண்ணாத்தாள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பூப்பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"ஆடி மாசத்துலயே எம்பேர எழுதிக் குடுத்துட்டு, புரட்டாசியிலதான் என்னைய பாக்க வந்தியாமே" என்றாள் சுகுணா. குரல் உடையவில்லை, அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. "அண்ணனுக்குக் கிட்னி வேணும்னு மொத நாளே கேட்டுருந்தாக்கூட குடுத்துருப்பேன். சுகுணான்னு கூப்புடாமயே கேட்டுருக்கலாம். நீ பேரச் சொல்லி ஏமாத்திப்புட்ட ஆத்தா."

"அவன் செத்துப் போயிருவான்டி!"

"டாக்டரு எனக்கு ஒரு வழி சொன்னாரு. பொருந்தலன்னு சொல்லிறலாம், யாருக்கும் தெரியாதுன்னாரு. எனக்கு அது வேண்டாம். பொருந்துது ஆத்தா. எங்கிட்ட இருக்குறது நல்ல கிட்னி. நான் குடுக்க மாட்டேன்."

வசவு வரும் என்று சுகுணா எதிர்பார்த்தாள்.

"அப்ப எதுக்குடா இத்தன நாள் எங்க வீட்டுச் சோத்தத் தின்ன?" என்றாள் கண்ணாத்தாள்.

சுகுணா சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். அவர்கள் பழப்பையை எடுத்துக்கொண்டு நாலு கடை தள்ளிப் போய், பஸ் வரும்வரை வெயிலில் நின்றார்கள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மீனம்மாள் தன் பக்கம் நிற்பாள் என்று சுகுணா நினைத்திருந்தாள். ஆனால் அன்று சாயங்காலம் கொட்டை உடைத்துக்கொண்டே மீனம்மாள் சொன்னாள்: "நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா நானா இருந்தா குடுத்துருப்பேன். உசுரு விசயம். அதுக்கப்பறம் அவுக மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்."

"நீயுமாக்கா?"

"என் மனசுல பட்டதச் சொன்னேன். பொய் சொல்லவா?"

இரண்டு பேரும் பத்து நாள் பேசிக்கொள்ளவில்லை. கடைக்குக் கடை மூன்றடி தூரம்; வாடிக்கையாளர் சில்லறை கேட்டால் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கொண்டார்கள், பேச்சு மட்டும் இல்லை. பிறகு எப்படியோ ஒருநாள், கை பொத்துப்போன சுகுணாவுக்கு மீனம்மாள் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டாள். அந்தப் பேச்சை இருவரும் மறுபடி எடுக்கவில்லை.

சிவபிரகாஷ் செத்துப்போகவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து சிறுநீரகம் பெறும் அரசாங்கப் பட்டியலில் பெயர் பதிந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. அவனுக்கு ஏதாவது ஆனால் ஊர் யாரைச் சொல்லும் என்று சுகுணாவுக்குத் தெரியும். தானே தன்னை என்ன சொல்லிக்கொள்வாள் என்பதுதான் தெரியவில்லை. சில நாட்களில் தான் செய்தது சரி என்று நிச்சயமாக இருக்கிறாள். சில நாட்களில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது இப்போதும் அந்தக் கையை உச்சந்தலை தேடுகிறது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வருகிறது. பொய்யென்று தெரிந்த பிறகும் ஒரு பொருளுக்கு ஏங்குவது என்ன பிழைப்பு?

மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டாள். உடம்பு மெதுவாகத்தான் திரும்பியது. தோள் இளக ஏழெட்டு மாதம் ஆயிற்று. தாடை முடி முன்போல் அடங்கவில்லை, இன்னும் சவரம் செய்துதான் வருகிறாள். இழந்த நான்கு மாதத்துக்காக ஒரு வருஷம் கொடுக்க வேண்டியிருந்தது.

போன மாதம் அறிவுச்செல்வனைப் பார்க்கப் போனாள். ஹார்மோன் சாப்பிடுகிறவர்கள் வருஷம் ஒருமுறை சிறுநீரகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது என்று அவர் சொல்லியிருந்தார். முந்தின நாள் கறி சாப்பிடவில்லை. தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுப் போனாள். கிரியாட்டினின் பூஜ்யம் புள்ளி எட்டு ஆறு. அவர் சீட்டின் தலைப்பில், 'ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர். அளவுகளை அதற்கேற்பப் பார்க்கவும்' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். "எந்த லேபுக்குப் போனாலும் இதக் காட்டுங்க. மாத்திரைய நிறுத்துறதா இருந்தா என்னைய கேக்காம நிறுத்தாதீங்க. யார் சொன்னாலும்."

"சரிங்க சார்."

வெளியே ஏஞ்சல் புதிதாக ஒரு அட்டை போட்டாள். பெயர், வயது, முகவரி. "ரிப்போர்ட் யாருக்கு அனுப்பட்டும்?"

"எனக்கே அனுப்புங்க."

"அவசரத்துக்குக் கூப்புட வீட்டு ஆளு நம்பர் ஒன்னு வேணும்க்கா."

சுகுணாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றுதான். ஆறு மாதம் தினமும் சாயங்காலம் வந்த நம்பர். பத்து இலக்கமும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. பையிலிருந்து போனை எடுத்து, தேடி, மீனம்மாளின் நம்பரை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள்.

"உறவு என்னன்னு போடட்டும்?" என்று கேட்டாள் ஏஞ்சல்.

"பக்கத்துக் கடை" என்றாள் சுகுணா.